லொறி நிற்கும் நேரத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும், தங்கச்சி

கேள்வி:

எனக்கு 28 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். அப்பா லொறி ஓட்டினவர், அவரிடம்தான் பழகினேன். போன வருஷம் ஹெவி லைசன் எடுத்தேன். நான்கு மாதமாக நுவரெலியாவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொடைச் சந்தைக்கும், சில நாள் தம்புள்ளைக்கும் போகிறேன். கிழமைக்கு மூன்று டிரிப். போன மாதம் ஒரு ராத்திரி, மூட்டை இறக்க வரிசையில் நின்றபோது கிளீனர் பையன் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். இரண்டு பேர் வந்து இடப்பக்கக் கதவைத் தட்டினார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்க ஷட்டர், அதாவது கதவுக் கண்ணாடி, இரண்டு விரல் அளவுக்கு மூடாது, பேப்பரைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். விடியும் வரை வீல் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். கத்தி ஒன்று வைத்துக்கொள்ளலாமா? இல்லை, வேலையையே விட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில் எழுதுபவர் ஒரு பெண், கனரக வாகனச் சாரதிப் பயிற்றுநர். அதற்கு முன் 9 வருஷம் அட்டனிலிருந்து கொழும்புக்குத் தேயிலை லொறி ஓட்டியவர்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கத்தியைப் பற்றிக் கேட்டதைவிட, “விடியும் வரை” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மனதைப் பிசைந்தது. விடிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும். மூட்டை இறங்கியதும் கணக்கை வாங்கிக்கொண்டு அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் மலை ஏறியிருப்பீர்கள். அந்த இரண்டு பேர் உங்களைத் தொடவில்லை. ஆனால் அவர்கள் கெடுத்த தூக்கத்தோடு நீங்கள் அந்த வளைவுகளையெல்லாம் கடந்து வந்திருக்கிறீர்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கத்தி வேண்டாம். வேலையை விடவும் வேண்டாம். முதலாளியிடம் சொல்ல வேண்டும், இந்தக் கிழமையே.

கத்தி ஏன் வேண்டாம் என்றால், லொறியின் முன்பக்கம் எவ்வளவு இடம் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் கையை ஓங்கக்கூட முடியாது. வருகிறவர் இரண்டு பேர், நீங்கள் ஒருத்தி. கத்தி யாருடைய கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ரோட்டுச் சோதனையில் அது அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். ஸ்பேனர் அன்றைக்கு உங்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் எதை வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் கதவை இழுத்தால் திறக்காமல் இருப்பதும், ஒரு சாவித் திருப்பலில் வண்டி நகர்வதும், ஒரு அழைப்பில் யாராவது வருவதும்தான் உங்களைக் காப்பாற்றும்.

நான் ஓட்டிய வருஷங்களில் கற்றுக்கொண்டது இதுதான்: பெண் சாரதிக்கு ஓடுகிற லொறி பயமில்லை. நிற்கிற லொறிதான் பயம். லோட் ஏற்றும்போது, இறக்கக் காத்திருக்கும்போது, ஒன்றுக்குப் போக இறங்கும்போது, டயர் போனபோது, பனிமூட்டத்தில் ஒதுங்கும்போது, தூங்கும்போது. எனக்கு வந்த தொல்லை எல்லாமே இந்த நேரங்களில்தான் வந்தது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு எப்படி இறங்குவது, எந்த வளைவுக்கு எந்தக் கியர் என்று அப்பா உங்களுக்குப் பழக்கியிருப்பார். எங்கே நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்று அவர் பழக்கியிருக்க மாட்டார். அவர் ஆண். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, தார்ப்பாயை விரித்துப் படுத்திருப்பார்.

அதனால் நிறுத்துவதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன்.

வண்டியை எப்போதும் மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். ரிவர்ஸ் எடுக்காமல் நேரே கிளம்பக்கூடிய மாதிரி. சந்தை வரிசையில் அது முடியாது, அங்கே முன்னாலும் பின்னாலும் லொறி நிற்கும். ஆனால் தூங்குவதற்கு நிறுத்தும் இடத்தில் முடியும். செருப்பைக் கழற்றிக் கீழே போடாதீர்கள். சாவி சுவிட்சிலேயே இருக்கட்டும், போன் சார்ஜ் ஏறியபடி இருக்கட்டும்.

ஏர் பிரேக் உள்ள வண்டியா உங்களுடையது? அப்படியென்றால் இதைக் கவனமாக வாசியுங்கள். எனக்கு இரண்டாம் வருஷம் நடந்தது. யட்டியாந்தோட்டை தாண்டி ரோட்டோரம் நிறுத்திக் கண்ணயர்ந்துவிட்டேன். ஒருவன் ஃபுட்போர்டில் ஏறி நின்று கதவை இழுத்தான். எஞ்சினைப் போட்டேன், உடனே பிடித்தது. ஆனால் ஏர் மீட்டரின் முள் அடியில் கிடந்தது. எங்கேயோ கசிவு, படுத்திருந்த இரண்டு மணித்தியாலத்தில் டேங்கில் காற்று இறங்கிவிட்டது. காற்று இல்லாவிட்டால் பின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், முள் ஏறும்வரை வண்டி ஓர் அடி நகராது. ஹோர்னை அடித்தேன், அதுவும் காற்று ஹோர்ன், முனகிவிட்டு நின்றது. அந்த நாலைந்து நிமிஷம் முள் ஏறுவதையும் கைப்பிடி ஆடுவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பஸ் வெளிச்சம் வந்ததும் அவன் இறங்கிப் போய்விட்டான். மறுநாளே கசிவைப் பார்க்கக் கொடுத்தேன், கூடவே பற்றரியில் வேலை செய்கிற சாதாரண ஹோர்ன் ஒன்றும் பூட்டினேன். உங்கள் வண்டியை ராத்திரி நிறுத்தும்போது மீட்டர் எவ்வளவு என்று பாருங்கள், காலையில் எவ்வளவு என்று பாருங்கள். நிறைய இறங்கியிருந்தால் அது கராஜ்காரர் பார்க்க வேண்டிய விஷயம் மட்டுமில்லை, உங்கள் உயிர் விஷயம். சின்ன லொறியில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே பற்றரி நல்லதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு கதவுக்கும் உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாள் போடலாம், நானும் போட்டிருந்தேன். ஆனால் ஓடும்போது அதைத் திறந்தே வையுங்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் வெளியே இருப்பவர்கள் உங்களை இழுத்து எடுக்க வேண்டும். கண்ணாடிக்குத் திரை கட்டும்போது முழுக்க மூடிவிடாதீர்கள். பக்கக் கண்ணாடியில் பின்பக்கம் தெரிகிற அளவுக்கு ஒரு கை இடைவெளி விடுங்கள். உள்ளே தெரியக் கூடாது என்பது எவ்வளவு முக்கியமோ, வெளியே என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்ப்பதும் அவ்வளவு முக்கியம்.

அப்புறம் தூக்கம். விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் உடம்பு தூக்கத்தை மிகவும் கேட்கும். அது பழகினாலும் போகாது, தேத்தண்ணியாலும் போகாது. மரக்கறி லொறிகள் சந்தையில் நிற்பதும் அதே நேரம். பயத்தில் அப்போது தூங்காமல் இருந்துவிட்டு, வெறும் லொறியோடு வீடு திரும்பும்போதுதான் கண் சொருகும். கொட்டாவி வந்துகொண்டே இருந்தால், கடைசியாகக் கடந்த பாலம் எதுவென்று ஞாபகம் வராவிட்டால், அதற்கு மேல் ஓட்டாதீர்கள். வெளிச்சமான பெற்றோல் ஷெட் ஒன்றில் நிறுத்தி, வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டு, இருபது நிமிஷம் படுங்கள். எழும்பியதும் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். முகம் கழுவி, பத்து நிமிஷம் நடந்த பிறகு கிளம்புங்கள். ஆனால் இது கைவைத்தியம்தான். சரியான மருந்து, இறக்கிற ஊரில் உங்களுக்கு ஒரு படுக்கை. தெரிந்த வீட்டில் ஓர் அறையோ, பெண்கள் தங்கும் விடுதியோ, நாலு மணித்தியாலம் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்க ஓர் இடம். அதற்கான செலவு முதலாளியுடையது.

கழிவறை விஷயத்தை யாரும் எழுதிக் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் தேயிலை இறக்கப் போன ஒரு களஞ்சியத்தில் பெண்களுக்குக் கழிவறை இல்லை. ஆண்கள் போகிற இடத்துக்குக் கதவில்லை. அதனால் கினிகத்தேனையைத் தாண்டினால் தண்ணீரே குடிக்க மாட்டேன். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். முதலில் எரிச்சல், பிறகு இடுப்பு வலி, கடைசியில் நடுக்கத்தோடு காய்ச்சல். கிருமி சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது என்றார் டொக்டர். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த இடத்தில் ஒரு கதவு போட்டிருந்தால் போதும். தங்கச்சி, தண்ணீர் குடியுங்கள். போகிற பாதையில் எந்த ஷெட்டில், எந்தக் கடையில் பெண்களுக்குச் சுத்தமான இடம் இருக்கிறது, ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று பகலிலேயே விசாரித்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஷெட்டில் டீசல் அடிக்கும்போதே போய்விட்டு வருவது நல்லது. அப்போது வண்டியைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள், கிளீனர் வண்டியோடு நிற்பான். இருட்டில் ரோட்டோரம் தனியாக இறங்குவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

கிளீனர் பையனைப் பற்றி. அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் இனி அவனுக்கு ஒரு விதி இருக்க வேண்டும்: நீங்கள் படுத்திருக்கும்போது அவன் வண்டியை விட்டுப் போகக் கூடாது. தேத்தண்ணி வேண்டுமென்றால் நீங்கள் விழித்திருக்கும்போது போய்விட்டு வரட்டும், எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். மூட்டை இறங்கிய பிறகு அவன் பின்னால் தட்டில் பாய் விரித்துப் படுக்கலாம், முன்பக்கம் உங்களுக்கு. டிரிப்புக்கு டிரிப் ஆளை மாற்றுகிற முதலாளியிடம், ஒரே ஆள்தான் வேண்டும், வீடு வாசல் தெரிந்த ஆளாக வேண்டும் என்று கேளுங்கள். சொந்தத்தில் மாமாவோ தம்பியோ கிடைத்தால் இன்னும் நல்லது. லயத்தில் நாலு பேர் பேசுவார்கள் என்ற கவலைக்கும் அது ஒரு பதில். பேச்சுக்குப் பயந்து வாழச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சைத் தாங்க வேண்டியவர் உங்கள் அம்மா என்பதையும் நினைக்கிறேன்.

இனி முதலாளி. சொன்னால் வேலை போய்விடும் என்கிறீர்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று தொடங்காதீர்கள். நடந்ததைத் திகதி, நேரம், இடத்தோடு சொல்லுங்கள். பிறகு, “முதலாளி, வண்டியும் லோடும் ஒழுங்காகப் போய் வர எனக்கு இதெல்லாம் வேண்டும்” என்று கேளுங்கள். ஷட்டர் திருத்த வேண்டும். நிலையான கிளீனர் வேண்டும். படுக்க இடம் வேண்டும். ராத்திரியில் போன் எடுக்கிற ஒரு ஆள் வேண்டும், அது அவராகவோ அவருடைய மகனாகவோ இருக்கலாம். சந்தையில் கடைக்காரரிடம் அவரே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்துக்கு அவருக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் பலன் பெரியது. உங்கள் பெயர் அந்த இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அவர்கள் அந்தச் சந்தையைச் சுற்றியே இருப்பவர்கள். இன்னாருடைய லொறி, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மாதிரி ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கிட்ட வர மாட்டார்கள். மூட்டை தூக்கும் ஆட்களில் வயதானவர் ஒருவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகி வையுங்கள். எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். என் லொறி வந்தால் தன் சாக்கை விரித்து முன் டயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

கேட்டதற்கு முதலாளி, “இதுக்கெல்லாம் என்னால முடியாது, ஆம்பிளையைப் போட்டுக்கிறேன்” என்று சொன்னால்? சரி, அந்த வேலை போகட்டும். டயருக்குச் செலவழிக்கிறவர் சாரதிக்கு ஒரு கதவுக் கண்ணாடி போட மாட்டார் என்றால், நடு ரோட்டில் உங்களுக்கு ஏதாவது ஆனாலும் அவர் வர மாட்டார். ஹெவி லைசன் உங்கள் கையில் இருக்கிறது. விடவேண்டியது அந்த முதலாளியை, தொழிலை இல்லை.

ரோட்டில் ஓரிரு விஷயம். மோட்டார் சைக்கிளில் வந்து “டயர்ல காத்து இல்ல, நிறுத்துங்க” என்று கைகாட்டினால் அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். வேகத்தைக் குறைத்து, ஹசாட் லைட்டைப் போட்டுக்கொண்டு, கடை வெளிச்சம் உள்ள இடம் வரை மெதுவாகப் போய்ப் பாருங்கள். கைநீட்டுகிறவர்களை ஏற்றாதீர்கள். மழையில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தால் மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை, பகலில் சில தரம் ஏற்றியிருக்கிறேன். ராத்திரியில் இல்லை. வட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை நேரடியாக அனுப்பினால் 8 மணித்தியாலம் வரை ஓடும். கிளம்பும்போதே வீட்டில் ஒருவருக்கும், போன் எடுக்கிற அந்த ஆளுக்கும் அனுப்புங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், அதனால் அதை மட்டும் நம்பாமல் அட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என்று ஊர் கடக்கும்போது ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். அடுத்தது வரவேண்டிய நேரம் தாண்டி அரை மணித்தியாலம் ஆனால் அவர்கள் தேடத் தொடங்க வேண்டும் என்று பேசி வையுங்கள். தேடுவது யார், முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மழைக்காலத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்து ரோட்டை மூடியது என்று பார்த்தீர்கள். பாதை மூடினால் லொறிகள் அப்படியே வரிசையாக மலைவெட்டுக்குக் கீழே நின்றுவிடும். பெண்ணுக்கு அது இரட்டை ஆபத்து: மேலே மண், சுற்றி இருட்டு. அந்த வரிசையில் நிற்காமல், திருப்ப முடிந்தால் பின்னால் விட்டு வந்த ஊருக்குப் போய், கோயில் வளவிலோ, பொலிஸ் நிலையத்துக்குப் பக்கத்திலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ நிறுத்துங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் சொல்கிறது. போகிற பாதைக்குச் செம்மஞ்சளோ சிவப்போ வந்திருந்தால் லோட் அழுகினாலும் பரவாயில்லை, கிளம்பாதீர்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மற்ற இலக்கங்களையும் போனில் மட்டும் இல்லாமல் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி 1938, அம்புலன்ஸ் 1990. 119இல் பேசும்போது ஊர், பக்கத்தில் உள்ள கிலோமீற்றர் கல், லொறி இலக்கம் மூன்றையும் முதலில் சொல்லுங்கள். சிங்களத்தில் இந்த மூன்றையும் சொல்லப் பழகி வைப்பது கைகொடுக்கும்.

அன்றைக்கு நடந்தது “தட்டிச் சிரித்ததுதானே” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வார்த்தையாலோ செய்கையாலோ பாலியல் தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். 1995இல் திருத்தப்பட்ட அந்தப் பிரிவில் 5 வருஷம் வரை சிறைத்தண்டனை இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தால் உங்கள் வாக்குமூலத்தை வாசித்து விளங்கிக்கொண்ட பிறகே கையெழுத்து வையுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பாதையில் அரசாங்க அதிகாரி ஒருவர் அலுவலை முடித்துத்தர வேறு விதமாக எதையாவது எதிர்பார்த்தால், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் அது பாலியல் இலஞ்சம். இலஞ்ச ஆணைக்குழுவுக்கு 1954.

இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். எப்போதாவது யாராவது உங்கள் மேல் கைவைத்தால், குளிக்காமல், உடுப்பை மாற்றாமல், நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொலிசுக்கு முதலில் போக வேண்டும் என்றில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘மிதுரு பியச’ என்று ஒரு பிரிவு இருக்கிறது, தமிழில் நட்பு நிலையம் என்பார்கள். நோய் தொற்றாமலும் கரு தங்காமலும் இருக்கக் கொடுக்கும் மருந்துகளை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணித்தியாலத்தைத் தாண்ட விடக் கூடாது. வண்டி எங்கே நிற்கிறது, லோட் என்னவாகும் என்று அந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள். பயப்படுவார், அழுவார், போகாதே என்பார். ஆனால் அவருக்கு இது புதிது இல்லை. இருட்டோடு பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போனவர், மலையில் கொழுந்து எடுத்தவர். நிரையில் ஒருத்தி “குளவி!” என்று கத்தினால் அடுத்த நிரையும் கூடை கிடக்க ஓடுமே, அப்படித்தானே அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்? உங்களுக்கும் அப்படி ஒரு நிரை வேண்டும். அந்த மிஸ்ட் கோல்களில் ஒன்று அம்மாவுக்குப் போகட்டும். ஒரு பகல் டிரிப்பில் நானுஓயா வரைக்குமாவது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். தாழ்ப்பாள் எப்படிப் போடுகிறீர்கள், எங்கே படுக்கிறீர்கள், யார் யாருடைய இலக்கம் ஒட்டியிருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். தெரியாத இடத்தில் மகள் இருக்கிறாள் என்ற பயம் பாதியாவது குறையும்.

அடுத்த டிரிப் எந்த நாள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த நாளாக இருந்தாலும் அதற்கு முன்னே அந்த இடப்பக்க ஷட்டரைத் திருத்துங்கள். கண்ணாடி உடையவில்லை, மேலே ஏற மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற ஷட்டர் மெஷினின் பல் தேய்ந்திருக்கும். கதவின் உள்தகட்டைக் கழற்றினால் தெரியும். அட்டனிலோ நுவரெலியாவிலோ கராஜில் அரை நாள் வேலை. முதலாளி காசு தரத் தாமதித்தால் உங்கள் கையிலிருந்து போட்டுவிட்டு, பில்லை வாங்கிக் கணக்கில் எழுதுங்கள். பேப்பர் சுருளை எடுத்து எறிந்துவிட்டு, கண்ணாடி மேலே ரப்பர் வரைக்கும் போய் முட்டுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.